விதியும் அதிகாரமும் ஒரே மதிப்பெண்ணில்

1969 டிசம்பர் 1 அன்று இரவு, வாஷிங்டனில் கட்டாய ராணுவச் சேர்ப்புத் துறையின் தலைமையகத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு தேதி. அலெக்சாண்டர் பிர்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முதல் குப்பியை எடுத்தார். செப்டம்பர் 14 என்று வந்தது. 1944 முதல் 1950 வரை எந்த ஆண்டானாலும் அந்தத் தேதியில் பிறந்த இளைஞர்களுக்கு ராணுவ அழைப்பு முதலில் போகும். கடைசியாக வந்த தேதி ஜூன் 8. அந்தப் பட்டியலில் 195ஆம் எண் வரை இருந்தவர்கள் அழைக்கப்பட்டார்கள், அதற்கு மேல் இருந்தவர்கள் தப்பித்தார்கள். குப்பிகளைச் சரியாகக் குலுக்கவில்லை என்பதும், அதனால் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களுக்கு ஆபத்தான எண்கள் அதிகமாக விழுந்தன என்பதும் பின்னால்தான் தெரியவந்தது.

அந்தக் குலுக்கலுக்குப் பிறகு நியூ ஹேவனில் உள்ள யேல் பல்கலைக்கழக மாணவர்களின் வினாத்தாள்களைப் பார்த்த லெஸ்லி மெக்ஆர்தர் என்ற உளவியலாளருக்கு, எதிர்பாராத ஒரு முடிவு கிடைத்தது. 1970இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நம் வாழ்க்கையில் நடப்பது நம் செயலால் நடக்கிறதா, நம் கைக்கு வெளியே இருக்கும் சக்திகளால் நடக்கிறதா என்பதைப் பற்றி ஒருவருக்கு உள்ளூர இருக்கும் எண்ணத்தை அளக்கும் வினாத்தாள் அது. குலுக்கலில் நல்ல எண் விழுந்து தப்பித்த மாணவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக வெளிச் சக்திகளின் பக்கம் சாய்ந்து விடையளித்திருந்தார்கள். எல்லோரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பிறந்த தேதிதான் வேறு.

இந்த அளவையைக் கையில் எடுக்கும் எந்த ஆய்வாளரும் முதலில் படிக்க வேண்டிய முடிவு இது என்று நான் நினைக்கிறேன். மதிப்பெண் அந்த மாணவர்களின் குணத்தைக் காட்டியது என்று மட்டும் சொல்ல முடியாது. அவர்களுக்கு அப்போதுதான் நடந்து முடிந்த ஒன்றையும் அது காட்டியது.

உளவியலில் இதற்குக் கட்டுப்பாட்டு மையம் என்று பெயர். பலன் தன் முயற்சியைப் பொறுத்தது என்று எண்ணுபவர் அகச்சார்பு உடையவர். அதிர்ஷ்டம், தலையெழுத்து, மேலே இருப்பவர்கள் ஆகியவற்றைப் பொறுத்தது என்று எண்ணுபவர் புறச்சார்பு உடையவர். இந்தக் கருத்தை உருவாக்கி அளவையாக்கியவர் ஜூலியன் ராட்டர். 1916இல் நியூயார்க்கின் புரூக்ளினில், குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1929க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் அவர் தந்தையின் தொழில் படுத்துவிட்டது. மனிதரின் நடத்தையைச் சூழ்நிலை எவ்வளவு தீர்மானிக்கிறது என்ற கவனம் தனக்கு அந்த அனுபவத்தில்தான் வந்தது என்று ராட்டர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் அவருடைய அளவையைப் பயன்படுத்திய பலருக்கும் இந்தக் கவனம் இல்லாமல் போனது.

கருத்தின் தொடக்கம் ஒரு சிகிச்சை அறையில் இருக்கிறது. 1950களில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்டரின் மாணவராக இருந்த ஜெரி ஃபேர்ஸிடம் ஓர் இளைஞர் சிகிச்சைக்கு வந்தார். வேலை தேடுவது எப்படி, பிறரிடம் பேசுவது எப்படி என்று படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னதைச் செய்தார், பலனும் கிடைத்தது. ஆனால் அடுத்த முறை பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்குத் துளியும் கூடவில்லை. கிடைத்தது அதிர்ஷ்டம் என்று நினைத்தார். வெற்றி கிடைத்தால் எதிர்பார்ப்பு உயரும் என்பதுதான் அதுவரை இருந்த கற்றல் கோட்பாடு. இந்த இளைஞரிடம் அது வேலை செய்யவில்லை.

அடுத்து ஃபேர்ஸ் சோதனைக்கூடத்தில் ஒரு காரியம் செய்தார். கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டிய வேலை ஒன்றை இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தார். ஒரு குழுவிடம் இது திறமையைப் பொறுத்தது என்றார். இன்னொரு குழுவிடம் இது குருட்டாம்போக்கு என்றார். வேலையும் வெற்றி தோல்விகளின் வரிசையும் இரண்டு குழுக்களுக்கும் ஒன்றுதான். திறமை என்று கேட்டவர்கள், வென்றால் எதிர்பார்ப்பை உயர்த்திக்கொண்டார்கள், தோற்றால் இறக்கிக்கொண்டார்கள். அதிர்ஷ்டம் என்று கேட்டவர்களிடம் அந்த அசைவு குறைவாகவே இருந்தது. 1957இல் வந்த இந்தச் சோதனையில் நான் முக்கியமாகக் கருதுவது, யாருக்கு எது சொல்லப்பட்டது என்பதை ஆய்வாளர் தீர்மானித்தார் என்பதுதான். பங்கேற்றவர்களின் சுபாவத்தை வைத்துக் குழுக்கள் பிரிக்கப்படவில்லை. சூழ்நிலையே ஒருவரைப் புறச்சார்பாக நடக்க வைக்கும் என்பது இந்தத் துறையின் முதல் கண்டுபிடிப்புகளில் ஒன்று.

1966இல் ராட்டர் தம் அளவையை வெளியிட்டார். 29 இணை வாக்கியங்கள். அவற்றில் 6 நோக்கத்தை மறைப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை, மீதி 23க்குத்தான் மதிப்பெண். ஒவ்வோர் இணையிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். புறச்சார்பான வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மதிப்பெண். ஆகவே 0 என்றால் முழு அகச்சார்பு, 23 என்றால் முழுப் புறச்சார்பு. தேர்வுக்குப் படிப்பதில் பயன் உண்டா, கேள்விகள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் வருகின்றனவா என்று ஓர் இணை கேட்கும். நல்ல வேலை கிடைப்பது திறமையாலா, சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்ததாலா என்று இன்னொன்று. உலக நடப்பைச் சாமானியர்கள் மாற்ற முடியுமா, அதிகாரத்தில் இருக்கும் சிலர் கையிலா என்று மற்றொன்று.

ஒரு விடைத்தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள், இருவருக்கும் 12 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் டிக் அடித்தவற்றில் பெரும்பாலானவை அதிர்ஷ்டம், விதி, நேரம் பற்றியவை. நடப்பது நடக்கும், நாம் திட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது என்பது அவர் எண்ணம். இரண்டாமவர் அந்த வாக்கியங்களைத் தொடவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் சிலர்தான் இருக்கிறார்கள், தகுதி உள்ளவருக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை, ஆசிரியர் மதிப்பெண் போடும் முறை பிடிபடுவதில்லை என்ற வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். முதலாமவர் உலகத்துக்கு ஒழுங்கே இல்லை என்கிறார். இரண்டாமவரோ ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது தனக்கு எதிராக இருக்கிறது என்கிறார். கூட்டிப் பார்த்தால் இருவரும் 12. கல்லூரி மாணவர் குழுக்களை இந்த அளவையால் ஒப்பிட்ட அறுபது ஆண்டு ஆய்வுகளில் விழுந்த பெரிய குழிகளெல்லாம் இந்த 12க்குள் இருக்கின்றன.

ராட்டரே தந்த குழுச் சராசரிகளைப் பார்க்கலாம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் தொடக்க வகுப்பு மாணவர்கள் 1,180 பேரின் சராசரி 8.29, திட்ட விலக்கம் 3.97. பிற நாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அமைதிப் படையில் (Peace Corps) சேரப் பயிற்சியில் இருந்த 155 பேரின் சராசரி 5.94. உலகின் மூலைகளுக்குப் போய் ஏதாவது செய்ய முடியும் என்று நம்பிக் கிளம்பியவர்கள் அகச்சார்பின் பக்கம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு சீர்திருத்தச் சிறையில் இருந்த 80 இளம் கைதிகளின் சராசரி 7.72. அதாவது பல்கலைக்கழக மாணவர்களைவிடக் கைதிகள் இம்மியளவு அதிக அகச்சார்பு. அகச்சார்பு என்றால் நற்குணம், புறச்சார்பு என்றால் குறை என்று படித்துப் பழகியவர்கள் இந்த எண்ணுக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

அதே ஓஹையோ மாணவர்களில் ஆண்கள் 575 பேரின் சராசரி 8.15, பெண்கள் 605 பேரின் சராசரி 8.42. வேறுபாடு 0.27. திட்ட விலக்கம் ஏறத்தாழ 4 ஆக இருக்கும் அளவையில் 0.27 என்பது ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு விலக்கம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்துக் கணக்கிட்டும் அது பொருளுள்ள வேறுபாடு ஆகாது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் கல்வியியல் கல்லூரிகளில் எம்.எட். ஆய்வேடுகளும் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் இந்த அளவையை எடுத்தால், ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசுக் கல்லூரி–சுயநிதிக் கல்லூரி என்று மாணவர்களை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு டி-சோதனை போட்டு, இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது அல்லது நிராகரிக்கப்பட்டது என்று எழுதி அத்தியாயத்தை முடிப்பது வழக்கமாகிவிட்டது. வேறுபாடு எவ்வளவு பெரியது, எந்த வாக்கியங்களில் வந்தது, ஏன் வந்தது என்பவை எழுதப்படுவது அபூர்வம். எண்ணிக்கை கூடினால் மிகச் சிறிய வேறுபாடும் சோதனையில் தேறிவிடும். அதை வைத்துக் கிராமத்து மாணவர்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரை எழுதும்போது, ஒரு தலைமுறைப் பிள்ளைகள்மேல் ஒரு முத்திரை குத்தப்படுகிறது.

முத்திரை எவ்வளவு தவறாக விழும் என்பதை அமெரிக்கக் கருப்பின மாணவர்களின் கதைதான் தெளிவாகக் காட்டுகிறது.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கருப்பினக் கல்லூரி மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மாணவர் அறவழி ஒருங்கிணைப்புக் குழு உருவானது. 1961 மே 4 அன்று, பேருந்துப் பயணத்தில் நிலவிய இனப்பிரிவினையை எதிர்த்த விடுதலைப் பயணிகள் வாஷிங்டனிலிருந்து பேருந்தில் கிளம்பினார்கள். பத்தே நாளில் அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே ஒரு பேருந்து கொளுத்தப்பட்டது. இந்தக் கொந்தளிப்பின் நடுவில், தென்மாநிலக் கருப்பினக் கல்லூரி ஒன்றில் பெர்ல் கோரும் ராட்டரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 1963இல் வெளியான அந்த ஆய்வில், அப்போது இன்னும் வெளியாகாதிருந்த ராட்டரின் அளவை மாணவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்டது. பிறகு ஒரு தாள். விடுமுறையில் உரிமைப் போராட்டத்துக்காக எதைச் செய்யத் தயார் என்று அதில் கையெழுத்திட வேண்டும். கூட்டத்துக்கு வருவேன், மனுவில் கையெழுத்திடுவேன், தலைநகருக்கு மௌன ஊர்வலம் போவேன், விடுதலைப் பயணத்தில் சேர்வேன், எதிலும் விருப்பமில்லை. ஊர்வலத்துக்கும் பயணத்துக்கும் கையெழுத்திட்டவர்கள் மற்றவர்களைவிட அகச்சார்பு உடையவர்களாக இருந்தார்கள். 1965இல் போனி ஸ்ட்ரிக்லண்ட் போராட்டத்தில் ஏற்கெனவே இறங்கியிருந்த மாணவர்களை இறங்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அதே முடிவுதான். தன்னால் மாற்ற முடியும் என்று நம்புபவர் களத்தில் இறங்குகிறார்.

இதற்கிடையில் இன்னொரு வகை எண்களும் குவிந்துகொண்டிருந்தன. கருப்பினக் குழந்தைகள், குறிப்பாக ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள், வெள்ளைக் குழந்தைகளைவிடப் புறச்சார்பு என்று பேட்டிலும் ராட்டரும் 1963இல் காட்டினார்கள். 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த கல்வி வாய்ப்புச் சமத்துவ அறிக்கை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை ஆராய்ந்தது. சிறுபான்மையின மாணவர்களின் தேர்ச்சியோடு பள்ளியின் வசதிகளைவிட நெருக்கமாகத் தொடர்புடையது, தன் சூழலைத் தன்னால் கட்டுப்படுத்த முடியும் என்ற உணர்வுதான் என்றது. இந்த முடிவை அரசியல்வாதிகள் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். பள்ளியைச் சரிசெய்ய வேண்டியதில்லை, பிள்ளையின் மனத்தைச் சரிசெய்தால் போதும் என்ற வாதத்துக்கு அது வாசல் திறந்துவிடும். கோல்மன் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வினாக்களில் ஒன்று, முன்னேற முயலும்போதெல்லாம் யாரோ எதுவோ தடுப்பதாக உணர்கிறாயா என்று கேட்டது. இனப்பிரிவினை நிலவிய அலபாமாவில் ஒரு கருப்பினச் சிறுவன் அதற்கு ஆம் என்று சொன்னால், அது ஆளுமைக் குறைபாடா, கண்ணால் கண்ட சாட்சியா?

இந்தக் கேள்வியை முறையாக எழுப்பியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பட்ரிஷியா குரின். அவரும் ஜெரால்ட் குரின், ரோசினா லாவ், முரியல் பீட்டி ஆகியோரும் சேர்ந்து, தெற்கின் ஆழ்பகுதியில் உள்ள பத்துக் கருப்பினக் கல்லூரிகளின் மாணவர்களிடம் 1960களின் நடுவில் தரவு திரட்டி, 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள். ராட்டரின் வாக்கியங்களோடு, இனப் பாகுபாடு பற்றிய தங்கள் வாக்கியங்களையும் சேர்த்திருந்தார்கள். மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், எந்த வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன என்று காரணிப் பகுப்பாய்வு செய்தார்கள். அங்கேதான் விஷயம் உடைந்து திறந்தது.

நான், எனக்கு என்று தன்மையில் பேசும் வாக்கியங்கள் ஒரு கொத்தாகப் பிரிந்தன. மனிதர்கள், பொதுவாக என்று படர்க்கையில் பேசுபவை வேறொரு கொத்தாகப் பிரிந்தன. உழைப்பவர் உயர்வார் என்று ஒரு மாணவர் பொது நியதியாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் நான் உழைத்தால் நான் உயர்வேன் என்பதை அவரால் அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. அவர் வளர்ந்த ஊரில் இவை இரண்டும் ஒன்றல்ல. படிப்பில் மதிப்பெண்ணோடும், தன்னம்பிக்கையோடும், எதிர்காலத்தைப் பற்றிய எதிர்பார்ப்போடும் தொடர்புடையதாக இருந்தது தன்மைக் கொத்துதான். பொது நியதியில் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார் என்பது இவற்றில் உதவவில்லை.

மூன்றாவது கொத்து இன்னும் முக்கியமானது. கருப்பினத்தவரின் நிலைக்குக் காரணம் அவர்களுடைய திறமையின்மையா, பாகுபாட்டு அமைப்பா என்று கேட்ட வாக்கியங்கள் அவை. அமைப்புதான் காரணம் என்று சொன்னவர்கள், ராட்டரின் கணக்குப்படி புறச்சார்பு ஆனவர்கள். ஆனால் கூட்டுப் போராட்டத்தில் அதிகம் இறங்கியவர்கள் இவர்கள்தான். கருப்பினத்தவர் அதுவரை அதிகம் போகாத தொழில்களுக்குப் போக ஆசைப்பட்டவர்களும் இவர்கள்தான். ரோசினா லாவ் 1970இல் இதைத் தனியாக எடுத்து எழுதினார். தன்மைக் கொத்தில் அகச்சார்பு படிப்பில் திறமையோடு போகிறது, அமைப்பைக் குறைசொல்லும் புறச்சார்பு புதிய வழியில் காலடி வைக்கும் துணிச்சலோடு போகிறது.

கோர் கண்டதும் குரின் கண்டதும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னால் ஏதாவது செய்ய முடியும் என்ற நம்பிக்கையும், என்னை மறிப்பது என் தவறல்ல என்ற தெளிவும் ஒரே மாணவரிடம் சேர்ந்து இருக்கலாம். சேர்ந்து இருந்தவர்கள்தான் அந்தப் பேருந்துகளில் ஏறியிருப்பார்கள். தெளிவு மட்டும் இருந்து நம்பிக்கை இல்லாதவர் மனம் கசந்து போவார். நம்பிக்கை மட்டும் இருந்து தெளிவு இல்லாதவர், தோற்கும்போதெல்லாம் தன்னையே நொந்துகொள்வார். ஒற்றைக் கோட்டில் இரண்டு முனைகளை மட்டும் வைத்த அளவை இந்த மூவகை மாணவர்களையும் அருகருகே நிறுத்திவிடுகிறது.

இந்தச் சிக்கலை அளவையிலேயே தீர்க்க முயன்றவர் ஹன்னா லெவன்சன். 1970களின் தொடக்கத்தில் அவர் புறச்சார்பை இரண்டாகப் பிளந்தார். ஒன்று தற்செயல், மற்றொன்று வலிமையுள்ள பிறர். அகச்சார்போடு சேர்த்து மூன்று அளவைகள், ஒவ்வொன்றிலும் 8 வாக்கியங்கள், மொத்தம் 24. இரண்டில் ஒன்று என்ற கட்டாயத்தையும் எடுத்துவிட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு உடன்பாடு என்று ஆறு படிகளில் சொல்லலாம். உலகத்தைச் சிலர் ஆள்கிறார்கள் என்று நினைப்பவருக்கு, அந்தச் சிலரை மாற்றலாம், எதிர்க்கலாம், கேட்டு வாங்கலாம் என்ற வழியாவது தெரியும். எல்லாம் குருட்டாம்போக்கு என்று நினைப்பவருக்கு அதுவும் இல்லை. மேலே பார்த்த இரண்டு 12களும் லெவன்சனின் தாளில் இரண்டு வேறு இடங்களில் விழும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கட்டாயம் தமிழ் மாணவருக்குக் கூடுதலாகவே இடறும் என்பது என் எண்ணம். திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழ், 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. பள்ளியில் இரண்டையும் படித்து, இரண்டிலும் உண்மை இருக்கிறது என்ற எண்ணத்தோடு வளர்ந்த பிள்ளையிடம் ஒன்றை மட்டும் டிக் அடி என்றால், விடை கேட்ட நாளையும் மனநிலையையும் பொறுத்து மாறும். அளவையின் நம்பகத்தன்மை எண்களும் இதற்கு இடம் தருகின்றன. ராட்டர் தந்த மறுசோதனை ஒட்டுறவுகள் 0.49 முதல் 0.83 வரை விரிந்திருந்தன.

இங்குள்ள மாணவருக்கு வாழ்க்கையும் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் கட்டாஃப் மதிப்பெண் சமமாக இருந்தால், பாட மதிப்பெண்களையும் பிறந்த தேதியையும் பார்த்த பிறகும் சமநிலை உடையாவிட்டால், கடைசியாக ரேண்டம் எண்தான் முடிவு செய்யும். மருத்துவப் படிப்புக்கு 2017இல் நீட் கட்டாயமானது. அதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகப் படித்தவர்களின் கணக்கு ஒரே ஆண்டில் மாறியது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. கணக்கு மறுபடி மாறியது. இரண்டு மாற்றங்களும் மாணவரின் முயற்சிக்கு வெளியே, வேறு யாரோ எடுத்த முடிவுகள். அந்த ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வந்தவர், வலிமையுள்ள பிறர் என் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்ற வாக்கியத்துக்கு ஆறு படியில் ஆறாவதைத் தேர்ந்தெடுத்தால், நடந்ததைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

குழுக்களை இடத்தால் மட்டுமின்றிக் காலத்தாலும் பிரிக்கலாம். ஜீன் ட்வெங்கியும் இரண்டு கூட்டாய்வாளர்களும் 2004இல் அதைச் செய்தார்கள். 1960 முதல் 2002 வரை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ராட்டர் அளவையைப் பயன்படுத்திய 97 மாதிரிகளை, 18,310 மாணவர்களின் விடைகளை, ஆண்டுவாரியாக அடுக்கினார்கள். மதிப்பெண் சீராகப் புறச்சார்பை நோக்கி ஏறியிருந்தது. 2002இன் சராசரி மாணவர், 1960களின் தொடக்கத்தில் இருந்த மாணவர்களில் 80 சதவீதத்தினரைவிடப் புறச்சார்பு உடையவர். மொத்த ஏற்றம் 0.80 திட்ட விலக்கம். ஓஹையோவின் ஆண்–பெண் வேறுபாட்டைவிட ஏறக்குறையப் பன்னிரண்டு மடங்கு. ஒரு கல்லூரிக்குள் இரண்டு குழுக்களுக்கு இடையில் தேடித் தேடிக் கிடைக்காத வேறுபாடு, நாற்பது ஆண்டு இடைவெளியில் கண்ணை உறுத்தும் அளவுக்கு நிற்கிறது.

அந்த நாற்பது ஆண்டில் கல்லூரிக்கு வருபவர்களே மாறிவிட்டார்கள், சிலருக்கு மட்டும் இருந்த இடம் பலருக்கும் திறந்தது, ஏற்றம் அதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. அதே ஆய்வில் பள்ளிக் குழந்தைகளின் 41 மாதிரிகளும் அதே திசையில் ஏறியிருந்தன. ட்வெங்கியின் குழு இதில் பெருகிவரும் அந்நியமாதலையும் அவநம்பிக்கையையும் கண்டது, கவலையும் பட்டது. கவலையில் நியாயம் உண்டு. புறச்சார்பு மனச்சோர்வோடும் படிப்பில் பின்னடைவோடும் சேர்ந்து வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வியட்நாமையும் வாட்டர்கேட்டையும் பார்த்த ஒரு சமூகத்தில், சாமானியர் நினைத்தால் அரசை மாற்றலாம் என்ற வாக்கியத்தை விட்டு இளைஞர்கள் விலகியதில், உலகத்தைச் சரியாகப் பார்த்ததும் ஒரு பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு, மனம் தளர்ந்தது எவ்வளவு என்பதை மொத்த மதிப்பெண் பிரித்துச் சொல்லாது.

கட்டுப்பாட்டு மையத்துக்கும் கல்லூரி மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இங்கே அதிகம் எதிர்பார்க்கப்படுகிறது. ஃபின்ட்லியும் கூப்பரும் 1983இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அகச்சார்பும் தேர்ச்சியும் சேர்ந்து போவது உண்மைதான், ஆனால் தொடர்பு சிறியதிலிருந்து நடுத்தரம் வரைதான். பதின்பருவத்தினரிடம் அது பலமாக இருந்து, வயது வந்தோரிடம் தளர்கிறது. ராட்டரின் கோட்பாட்டைப் படித்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பொதுவான எதிர்பார்ப்பு என்பது புதிய, தெளிவில்லாத சூழலில்தான் அதிகம் வேலை செய்யும் என்று அவர் சொன்னார். பழகிய சூழலில், அந்தச் சூழலில் பெற்ற அனுபவமே முந்திக்கொள்ளும். முதல் பருவத்தில் இருக்கும் மாணவரிடம் இந்த அளவை எதையாவது சொல்லும். ஏழு பருவத் தேர்வு எழுதி, எந்தத் துறையில் எப்படித் திருத்துகிறார்கள் என்று அத்துபடியான இறுதியாண்டு மாணவரிடம் குறைவாகவே சொல்லும். முதலாண்டையும் இறுதியாண்டையும் ஒரே அளவையால் ஒப்பிட்டு, கல்லூரி மாணவர்களின் ஆளுமையை மாற்றிவிட்டது என்று எழுதுவது இதனால் பிழை. படிப்புக்கென்றே அளவை வேண்டுமானால், ஆஷ்டன் டிரைஸ் 1985இல் கல்லூரி மாணவர்களுக்காக உருவாக்கிய 28 வாக்கியங்கள் கொண்ட அளவை இருக்கிறது.

1975இல் ராட்டர் தம் அளவையைப் பிறர் பயன்படுத்தும் விதத்தைக் கண்டு ஒரு கட்டுரை எழுதினார். அகச்சார்பு உடையவர்களை நல்லவர்களாகவும் புறச்சார்பு உடையவர்களைக் குறையுள்ளவர்களாகவும் பிரிக்கும் போக்கை அதில் நேராகக் கண்டித்தார். மனிதர்களை இரண்டு வகையாக வெட்ட முடியாது, மதிப்பெண்கள் தொடர்ச்சியாகப் பரவியவை என்றும் சொன்னார். அளவையைச் செய்தவரே எச்சரித்த பிறகும், சராசரிக்கு மேல் புறம், கீழே அகம் என்று வெட்டி அட்டவணை போடும் வழக்கம் நிற்கவில்லை.

இங்கே ஓர் ஆய்வாளர் நாளை ஒரு கல்லூரிக்கு இந்த வினாத்தாளோடு போகிறார் என்றால், சிலவற்றை அவரிடம் வற்புறுத்திச் சொல்வேன். வினாத்தாளை வகுப்பாசிரியர் கையில் கொடுத்து வாங்கக் கூடாது. அக மதிப்பீட்டு மதிப்பெண் போடுபவர் எதிரே நிற்கும்போது, மதிப்பெண் நியாயமாகப் போடப்படுகிறதா என்ற வாக்கியத்துக்கு எந்த மாணவரும் உள்ளதைச் சொல்ல மாட்டார். பதிவெண் கேட்டால் அதைவிட மோசம். ஆங்கில அளவையை அப்படியே கொடுத்தால், தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்குப் புரியாத வாக்கியத்தில் விழும் டிக், புறச்சார்பாகவோ அகச்சார்பாகவோ கணக்கில் ஏறிவிடும், குழு வேறுபாடு என்ற பெயரில் மொழி வேறுபாடு வெளிவரும். மொழிபெயர்த்தால், இரண்டு குழுக்களிலும் அதே வாக்கியங்கள் அதே கொத்துகளாகச் சேர்கின்றனவா என்று பார்க்காமல் சராசரிகளை ஒப்பிடக் கூடாது. எந்த வாக்கியங்கள் கொத்தாகச் சேர்கின்றன என்று குரின் குழு பார்த்தது, அதுவும் கணினி அறைகளில் அட்டைகளைத் துளையிட்டுக் கொண்டிருந்த காலத்தில்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கல்லூரிகளுக்குரிய வாக்கியங்களை அவர் எழுதிச் சேர்க்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து, உதவித்தொகை வங்கிக் கணக்கில் எப்போது ஏறும் என்று தெரியாமல் தேர்வுக் கட்டணத்துக்கு நாள் எண்ணும் மாணவரிடம், அது தாமதமாவது உன் தவறா, அலுவலகத்தின் தவறா, நேரமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வளாகத் தேர்வில் முதல் சுற்றிலேயே ஆங்கில உச்சரிப்பால் வெளியேறியவரிடமும், சாதிப் பெயரைச் சாடையாகக் கேட்ட நேர்காணலை முடித்து வந்தவரிடமும் அப்படியே. அந்த விடைகளைப் படிப்பு மதிப்பெண்ணோடு மட்டும் ஒட்டிப் பார்க்காமல், யார் புகார் மனு எழுதினார்கள், யார் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தார்கள், யார் அடுத்த நேர்காணலுக்குப் போனார்கள் என்பதோடும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.